மருத்துவமனை நெட்வொர்க்கைக் காக்கும் தம்பி தங்கைகளுக்கு



மாடிப்படிக்குக் கீழேயோ மருந்துக் கிடங்குக்குப் பின்னாலோ ஒதுக்கித் தந்த சின்ன அறையில் உட்கார்ந்து, ஒரு முழு மருத்துவமனையின் ஸ்விட்சுகளையும் கேபிள்களையும் காத்துக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் 22 வருடமாக இதே வேலையில் இருப்பவள். ஒரு வீலேனிலிருந்து இன்னொரு வீலேனுக்குத் தகவல் போகவில்லை என்று கூப்பிடுகிற இடங்களுக்குப் போய், கோளாறு எங்கே என்று பார்த்துச் சொல்வதுதான் இப்போது என் முழுநேரப் பிழைப்பு.

போகிற இடங்களிலெல்லாம் ஒரே வரியைப் பார்க்கிறேன். கோர் ஸ்விட்சின் ஏசிஎல்லைத் திறந்தால், நிதானமாக யோசித்து எழுதிய ஏழெட்டு விதிகளுக்கு மேலே ஒருவர் அவசரமாகச் சேர்த்த வரி நிற்கும்: பெர்மிட் ஐபி எனி எனி. யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம் என்று அர்த்தம். "இது யார் போட்டது?" என்று கேட்டால், "தெரியலக்கா, ஒரு நாள் ராத்திரி லேப் ரிசல்ட் வார்டுக்கு வரல, அப்போதைக்குப் போட்டிருக்காங்க" என்று பதில் வரும். அந்த 'அப்போதைக்கு' மூன்று வருடம் பழையதாக இருக்கும்.

உங்களைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் டியூட்டி டாக்டர் போனில், இன்னொரு பக்கம் மேனேஜர் தலைமாட்டில், லேப் டெக்னீஷியன் கையில் ரிசல்ட் தாளோடு மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாக் கதவையும் திறந்துவிடத்தான் கை போகும். ஆனால் அந்த வரியைப் போடாமலே அந்த ராத்திரியைக் கடந்திருக்கலாம். அதைத்தான் உங்களுக்குக் காட்ட நினைக்கிறேன்.

வீலேன் எதற்கு என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். புத்தகத்தில் படித்திருப்பீர்கள், இருந்தாலும் கேளுங்கள். 1998-இல் வந்த 802.1க்யூ தரம், ஈதர்நெட் ஃப்ரேமுக்குள் 4 பைட் சேர்த்தது. அதில் 12 பிட்டுகள் வீலேன் எண்ணுக்கு. 0-வும் 4095-உம் ஒதுக்கப்பட்டவை என்பதால் 1 முதல் 4094 வரை நமக்குக் கிடைக்கிறது. 30 என்ற எண்ணோடு வந்த ஃப்ரேமை ஸ்விட்ச் 40-க்குத் தானாகக் கொடுக்கவே கொடுக்காது. ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இருந்தாலும் கொடுக்காது. தாண்டிப் போக வேண்டுமென்றால் ரவுட்டிங் செய்கிற ஒன்றிடம் போய்த்தான் தீர வேண்டும். அது ரவுட்டராக இருக்கலாம், ஃபயர்வாலாக இருக்கலாம், லேயர் 3 ஸ்விட்சாக இருக்கலாம். யார் யாரிடம் பேசலாம் என்று நாம் முடிவு செய்ய முடிகிற ஒரே இடம் அதுதான். எனி எனி போட்ட நிமிடம் அந்த முடிவை நாம் கைவிட்டுவிடுகிறோம். வீலேன் எண்கள் அப்படியே இருக்கும், வரைபடத்தில் வண்ண வண்ணமாகக் கட்டங்கள் இருக்கும், நடுவில் சுவர் மட்டும் இருக்காது.

சுவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டுப் போயின. பல நாட்கள் அங்கே புற நோயாளிகள் பதிவும் ரிப்போர்ட்டும் கையால் எழுதித்தான் நடந்தன. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதிலில் காரணமாகச் சொன்னது, நெட்வொர்க் முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமல் இருந்தது என்பதைத்தான். அந்தத் தாக்குதலுக்கு ஐந்து வருடம் முன்னால், 2017 மே மாதம், வான்னக்ரை என்ற புழு இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளுக்குள் புகுந்தது. 236 ட்ரஸ்ட்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அந்தப் புழு ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குப் போனது 445-ஆம் போர்ட் வழியாக. கேமரா வீலேனுக்கும் சர்வர் வீலேனுக்கும் நடுவில் அந்த ஒரு போர்ட்டை மூடி வைத்திருப்பது எத்தனை பெரிய காரியம் என்பதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் நினைத்தால் புரியும்.

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதை. ஊர்ப் பெயரும் மருத்துவமனைப் பெயரும் வேண்டாம். நான்கு மாடிக் கட்டடம். பில்லிங் 10-ஆவது வீலேன், வார்டுகள் 20, லேப் 30, சர்வர்கள் 40, கேமரா 50, போன் 60. லேப்பின் முகவரிகள் 10.10.30 என்று தொடங்கும், சர்வர்களுடையவை 10.10.40 என்று தொடங்கும். எல்லாவற்றுக்கும் மாஸ்க் 255.255.255.0. பார்த்தவுடன் புரிகிற, அழகான அமைப்பு. ஆறு வருடமாக ஓடிய கோர் ஸ்விட்சைச் சனிக்கிழமை இரவு எடுத்துவிட்டு வேறு தயாரிப்பு ஒன்றை வைத்தார்கள். அங்கே இருந்த தம்பி பழைய கான்ஃபிகரேஷனை வரிக்கு வரி பார்த்துப் புதிதில் எழுதியிருந்தார். நல்ல வேலைக்காரர்.

காலையில் லேப்பில் இருந்த ஐந்து மெஷின்களில் மூன்று ரிசல்ட்டை ஒழுங்காக அனுப்பின. பயோகெமிஸ்ட்ரி மெஷின்கள் இரண்டிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் எல்லாம் அந்த இரண்டில்தான் ஓடும். ஐசியூ டாக்டர் பொட்டாசியம் எண்ணுக்காகக் காத்திருக்கிறார். தம்பி கோர் ஸ்விட்சை ஒரு முறை ரீபூட் செய்தார். ஆறு நிமிடம் முழுக் கட்டடமும் நின்றது. சரியாகவில்லை. இன்னொரு முறை செய்தார். அப்புறம் எனி எனி போட்டார். அதற்கும் அசையவில்லை. அந்த இரண்டு மெஷின்களையும் சர்வர் வீலேனுக்கே மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. எதையும் தொடாமல் இருங்கள், வருகிறேன் என்றேன்.

போனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஸ்விட்சிலிருந்து எல்லாத்துக்கும் பிங் போகுதுக்கா."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். லேயர் 3 ஸ்விட்சுக்கு ஒவ்வொரு வீலேனிலும் ஒரு முகவரி இருக்கிறது. லேப் மெஷினுக்குப் பிங் அடித்தால், அது லேப் வீலேனில் தனக்கிருக்கும் 10.10.30.1 என்ற முகவரியிலிருந்துதான் அனுப்பும். சர்வருக்கு அடித்தால் 10.10.40.1-இலிருந்து அனுப்பும். இரண்டு பிங்கும் ஒரே வீலேனுக்குள் போய் வந்தவை. வீலேன் தாண்டி ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. லேப்பிலிருந்து சர்வருக்கு வழி இருக்கிறதா என்ற கேள்வியை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. அதைக் கேட்க வேண்டுமானால் பிங் கட்டளையில் சோர்ஸ் முகவரியாக 10.10.30.1-ஐக் கொடுத்து சர்வருக்கு அடிக்க வேண்டும். அது போய் வந்தால், சர்வருக்குத் தன் கேட்வே தெரியும், திரும்பி வர வழியும் உண்டு என்று அர்த்தம். அன்றைக்கு அடித்தோம். போய் வந்தது. ஆக ரவுட்டிங் நன்றாக இருக்கிறது, சர்வர் நன்றாக இருக்கிறது.

அடுத்து லேப்பில் நன்றாக ஓடிய ஒரு கணினியில் உட்கார்ந்து சர்வருக்குப் பிங் அடித்தேன். வந்தது. அதே ஸ்விட்ச், அதே வீலேன், பக்கத்துப் போர்ட். ட்ரங்க்கையும் ஏசிஎல்லையும் இனிமேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. இந்த ஒரு நிமிட வேலையை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு ரீபூட்டும் தேவைப்பட்டிருக்காது. வேலை செய்கிற ஒன்றையும் வேலை செய்யாத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோளாறு அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கும்.

பிறகு பயோகெமிஸ்ட்ரி மெஷினோடு இணைந்த கணினிக்குப் போனேன். விண்டோஸ் 7. அதன் முகவரி 10.10.30.41. சர்வர் 10.10.40.15-க்குப் பிங் அடித்தேன். தம்பியும் காலையில் அடித்திருந்தார், "போகல" என்று மட்டும் மனதில் எழுதிக்கொண்டார். திரையில் இருந்தது அது மட்டும் இல்லை. 10.10.30.41-இலிருந்து பதில், டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்று இருந்தது.

யார் பதில் சொல்வது என்று பாருங்கள். 41 என்பது அந்தக் கணினியே. தானே தனக்குச் சொல்லிக்கொள்கிறது, அந்த ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று. பாக்கெட் கணினியைவிட்டு வெளியே போகவே இல்லை. பாக்கெட் கேட்வேக்குப் போய் அதற்கப்பால் தொலைந்திருந்தால் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்று வந்திருக்கும். கேட்வேக்கே அந்தப் பக்கம் வழி தெரியாமல் இருந்திருந்தால், அன்ரீச்சபிள் என்ற செய்தி 10.10.30.1-இன் பெயரில் வந்திருக்கும். பிங் என்ற இந்தச் சின்ன நிரலை 1983 டிசம்பரில் மைக் முவஸ் எழுதினார். அன்றிலிருந்து இத்தனை பேர் கையில் அது இருக்கிறது, ஆனால் அது சொல்லுவதில் பாதியைத்தான் நாம் காதில் வாங்குகிறோம். போகிறது, போகவில்லை என்று இரண்டே பதில் அதற்கு இல்லை. 'போகவில்லை' என்பதை யார் சொன்னார்கள் என்பதில்தான் கோளாறு இருக்கும் இடம் தெரியும்.

ஸ்விட்சில் அந்தப் போர்ட்டை மிரர் செய்து வயர்ஷார்க்கைத் திறந்தோம். ஒரே வரி மீண்டும் மீண்டும் ஓடியது: 10.10.40.15 யாரிடம் இருக்கிறது, 10.10.30.41-க்குச் சொல்லுங்கள். ஆர்ப் கேள்வி. தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விநாடி கழித்து, "அக்கா, இது ஏன் சர்வரை நேரா கேக்குது? கேட்வேயைத்தானே கேக்கணும்?" என்றார். அந்தக் கேள்வியை அவரே கேட்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆர்ப் முறையை 1982-இல் டேவிட் ப்ளம்மர் எழுதி வைத்தார். ஆர்எஃப்சி 826. தன் தெருவில் இருப்பவரைத்தான் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். வேறு தெரு என்றால் கேட்வேயிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். எது தன் தெரு, எது வேறு தெரு என்று கணினி முடிவு செய்வது சப்நெட் மாஸ்க்கை வைத்து. அந்தக் கணினியின் மாஸ்க்கைப் பார்த்தோம். 255.255.0.0. அதாவது 10.10 என்று தொடங்குகிற எல்லாமே தன் தெரு என்று அது நம்பிக்கொண்டிருந்தது. சர்வரும் தன் தெருவில்தான் இருக்கிறது என்று நினைத்து வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் 30-ஆவது வீலேனைத் தாண்டாது. சர்வர் காதில் விழவே விழாது.

அப்படியானால் ஆறு வருடம் எப்படி ஓடியது? இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. கோளாறு கிடைத்துவிட்டது என்று எழுந்து போய்விட்டால் பாதிதான் தெரிந்த மாதிரி. பழைய கோர் ஸ்விட்சில் ப்ராக்ஸி ஆர்ப் என்ற வசதி இயக்கத்தில் இருந்தது. 1987-இலேயே ஆர்எஃப்சி 1027-இல் விளக்கப்பட்ட பழைய ஏற்பாடு அது. யாராவது வேறு தெருக்காரரைத் தன் தெருவில் நின்று கூப்பிட்டால், ரவுட்டர் முன்வந்து, 'என்னிடம் கொடு' என்று தன் மேக் முகவரியைத் தரும். கணினி நம்பிக் கொடுக்கும், ரவுட்டர் கொண்டுபோய்ச் சேர்க்கும். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் இது தொடக்கத்திலிருந்தே இயங்கும். வேறு பல தயாரிப்புகளில் நாமாகப் போட்டால்தான் வரும். பழைய ஸ்விட்சின் கான்ஃபிகரேஷனில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, ஏனென்றால் தொடக்க நிலையில் இருப்பதை அது எழுதிக் காட்டாது. தம்பி வரிக்கு வரி பார்த்து எழுதியது உண்மைதான். எழுதாமல் இருந்த வரிதான் அந்த மெஷின்களை ஆறு வருடம் தாங்கியிருக்கிறது.

அந்த இரண்டு மெஷின்களையும் ஒரே சர்வீஸ் இன்ஜினீயர் ஒரே நாளில் நிறுவியிருக்கிறார், இரண்டிலும் ஒரே மாஸ்க். மற்ற மூன்றை வேறு ஆட்கள் நிறுவினார்கள், சரியாகப் போட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சர்வரில் உட்கார்ந்து இதே கோளாறைப் பார்த்திருந்தால் வேறு மாதிரித் தெரிந்திருக்கும். சர்வரிலிருந்து 41-க்குப் பிங் அடித்தால், பாக்கெட் கேட்வேக்கு வந்து, கேட்வேயிலிருந்து லேப் வீலேனுக்குள் இறங்கி, மெஷின் வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். மிரர் போர்ட்டில் அதையும் பார்த்தோம். மெஷினுக்குக் கேள்வி கேட்டுவிட்டது. பதில் சொல்லத்தான் அதற்கு வழி இல்லை. சர்வர் பக்கத்தில் டைம்ட் அவுட் என்று காட்டும், நீங்கள் நடுவழியில் எங்கோ ஏசிஎல் தடுக்கிறது என்று நினைப்பீர்கள். தம்பி தங்கைகளே, இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். போகும் வழி சரியாக இருந்தும் திரும்பும் வழி இல்லாமல் நிற்கிற கோளாறுகள்தான் நான் பார்த்ததில் அதிகம். கேட்வே போடாத கேமரா, பழைய கேட்வே முகவரியையே வைத்திருக்கும் பிரின்ட்டர், வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்கை மட்டும் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வால், எல்லாமே இந்தக் குடும்பம்தான். அதே வீலேனில் இருப்பவர்களுக்கு அவை நன்றாக வேலை செய்யும். வேறு வீலேனிலிருந்து பார்த்தால் செத்துக் கிடக்கும்.

இதில் மிகவும் அலைக்கழித்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஸ்கேன் சென்டரில் படங்களைச் சேமிக்கும் லினக்ஸ் சர்வர். சர்வர் வீலேனில் ஒரு கேபிள், வேகமாக இருக்கட்டும் என்று ஸ்கேன் வீலேனிலும் ஒரு கேபிள். இரண்டு கால். வீலேன்களுக்கு நடுவில் ஃபயர்வால். ஸ்கேன் அறைக் கணினி, சர்வர் வீலேனில் இருந்த முகவரிக்குப் பிங் அடித்தால் அழகாகப் பதில் வருகிறது. படத்தைத் திறந்தால் திறக்கவில்லை. "பிங் போகுது, அப்ப நெட்வொர்க் சரி, சாஃப்ட்வேர்தான் கோளாறு" என்று சாஃப்ட்வேர்க்காரரோடு இரண்டு நாள் வாக்குவாதம் நடந்திருக்கிறது. நடந்தது இதுதான். கணினியின் பாக்கெட் ஃபயர்வால் வழியாக சர்வருக்குப் போகிறது. சர்வர், பதில் போக வேண்டிய முகவரி தன் இரண்டாவது காலின் தெருவிலேயே இருப்பதைப் பார்த்து, ஃபயர்வாலுக்குத் தெரியாமல் நேராக அனுப்பிவிடுகிறது. பிங்குக்கு அது போதும். டிசிபிக்குப் போதாது. இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்டை ஃபயர்வால் பார்த்தது, அதற்கு வந்த பதிலைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதாகக் கணினி அனுப்பும் பாக்கெட் வரும்போது, பாதியில் நிற்கும் இந்தப் பேச்சு எனக்குப் புரியவில்லை என்று கீழே போட்டுவிடுகிறது. இரண்டாவது கேபிளைக் கழற்றினோம். படம் திறந்தது. பிங் போனால் பிங் போகிறது என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் அதிலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் தவறு ஒன்றையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. வேலைக்கு வந்து ஏழாவது வருடம். இணைப்புக் கட்டடத்துக்கு 70 என்று ஒரு புது வீலேனைக் கொண்டுபோக வேண்டும். ட்ரங்க்கில் அனுமதிக்கப்பட்ட வீலேன் பட்டியலில் 70-ஐச் சேர்க்கும் கட்டளையில் 'ஆட்' என்ற ஒரு சொல்லை எழுதாமல் விட்டேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் ஸ்விட்ச் சேர்க்காது, பழைய பட்டியலை அழித்துவிட்டு 70-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். வார்டு, போன், நர்ஸ் ஸ்டேஷன் எல்லாம் அந்த விநாடியே போயின. ஸ்விட்சை நான் தொட்டுக்கொண்டிருந்த மேனேஜ்மென்ட் வீலேனும் அதே ட்ரங்க்கில்தான் போனது, ஆகையால் என் கையும் அறுந்தது. கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு கட்டடம் தாண்டி ஓடினேன். 14 நிமிடம். அந்த 14 நிமிடமும் ஒரு நர்ஸ், யாருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று திரையில் பார்க்க முடியாமல், நோயாளியின் கட்டிலில் தொங்கிய காகிதத்தை டார்ச் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு தொலைவிலிருக்கும் ஸ்விட்சில் ட்ரங்க்கையோ ரவுட்டையோ ஏசிஎல்லையோ தொடும் முன்னால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிகரேஷனைச் சேமித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து ரீலோட் ஆகும்படி நேரம் குறித்து வைக்காமல் நான் ஒரு எழுத்தும் அடிப்பதில்லை. மாற்றம் சரியாக இருந்தால் ரீலோட்டை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பேன். தவறாகப் போய்க் கை அறுந்துவிட்டால், ஸ்விட்ச் தானே எழுந்து பழைய நிலைக்குத் திரும்பும். சிஸ்கோவில் ரீலோட் இன் என்ற கட்டளை. ஜூனிப்பரில் கமிட் கன்ஃபர்ம்டு என்று இதைவிட நேர்த்தியான ஏற்பாடே உண்டு, ரீலோட்கூட இல்லாமல் பழையது திரும்பிவிடும். உங்கள் பெட்டியில் எது இருக்கிறதென்று இன்றைக்கே தேடி வையுங்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் இரண்டு. புது வீலேனுக்கு முகவரி கொடுத்தும் இன்டர்ஃபேஸ் டவுன் என்றே காட்டினால் பதற வேண்டாம். பெரும்பாலும் அந்த வீலேனில் உயிரோடு ஒரு போர்ட்கூட இருக்காது, அல்லது வீலேனையே உருவாக்க மறந்திருப்பீர்கள். 169.254 என்று தொடங்கும் முகவரியோடு ஒரு கணினி நின்றால், ரவுட்டிங்கைப் பார்ப்பதற்கு முன் டிஹெச்சிபி ரிலேயைப் பாருங்கள். முகவரி கேட்டு அது போடும் கூச்சல் வீலேனைத் தாண்டாது, கேட்வேதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். மாஸ்க் தவறு என்று தெரிந்துவிட்டது. ஆனால் மெஷின் கணினியின் அமைப்பில் கை வைக்க நமக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் இன்ஜினீயர்தான் மாற்ற வேண்டும், அவர் திங்கள்கிழமைதான் வருவார். ஐசியூ அதுவரை காத்திருக்காது. என்ன செய்வது? தம்பி என் முகத்தைப் பார்த்தார். எனி எனியை முதலில் எடுக்கச் சொன்னேன். அதனால் எந்தப் பயனும் இல்லை என்று காலையிலேயே தெரிந்துவிட்டது, ஆபத்து மட்டும்தான் மிச்சம். பிறகு லேப் வீலேனின் இன்டர்ஃபேஸில் மட்டும், வேறு எதிலும் இல்லாமல், ப்ராக்ஸி ஆர்ப்பை இயக்கினோம். சில விநாடிகளில் இரண்டு மெஷின்களிலும் தேங்கி நின்ற ரிசல்ட்டுகள் வரிசையாகப் போகத் தொடங்கின. மேலே ஐசியூவிலிருந்து போன் வந்தது, பொட்டாசியம் வந்துவிட்டது என்று.

அதுவும் தற்காலிக ஏற்பாடுதானே, எனி எனிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. காரணம் தெரிந்து, அந்தக் காரணத்தின் அளவுக்கு மட்டும் செய்தது இது. யாருக்கும் புதிதாக ஒரு கதவு திறக்கவில்லை. ஏசிஎல் அப்படியே நின்றது, 445 மூடியே இருந்தது. எப்போது எடுக்க வேண்டும் என்பதும் செய்யும்போதே தெரியும். காரணம் தெரியாமல் போடுகிற மருந்தை எப்போது நிறுத்துவது என்று யாருக்குத் தெரியும்? எனி எனி மூன்று வருடம் கிடப்பது சோம்பலால் இல்லை. அதை எடுத்தால் எது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாததால்தான் யாரும் தொடத் துணிவதில்லை.

உங்களுக்கு மேலே இருப்பவர்கள் எவ்வளவு நேரத்தில் சரியாகும் என்றுதான் கேட்பார்கள். காரணம் என்ன என்று கேட்க மாட்டார்கள். ரீபூட் செய்தால் ஏதோ நடக்கிறது என்று அவர்களுக்குத் தெம்பாக இருக்கும், நீங்கள் வயர்ஷார்க்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சும்மா இருப்பதாகத் தோன்றும். அந்த நெருக்கடியைத் தாங்கிக்கொண்டு பத்து நிமிடம் பார்ப்பதற்கு மனஉறுதி வேண்டும். அதை உங்களுக்கு யாரும் சம்பளத்தில் சேர்த்துத் தருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் "எதையும் மாற்றுவதற்கு முன்னால் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், சார்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருமுறை காரணத்தோடு சரிசெய்து காட்டிவிட்டால், அடுத்த முறை அவர்களே அந்தப் பத்து நிமிடத்தைத் தருவார்கள். என் அனுபவத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இது. இந்த வாரம் வேலை குறைவாக இருக்கும் ஒரு மதியம், உங்கள் கோர் ஸ்விட்சின் ஏசிஎல்லைத் திறந்து எனி எனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். அதற்கு மேலே, நடக்க வேண்டிய போக்குவரத்துகளைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். எனி எனியில் எத்தனை பாக்கெட் விழுகிறது என்று ஸ்விட்சே எண்ணிக் காட்டினால் அதைப் பாருங்கள். வன்பொருளிலேயே கடக்கும் பாக்கெட்டுகளைச் சில பெட்டிகள் எண்ணிக்கையில் காட்டாது, அங்கே லாக் போட்டுப் பாருங்கள். விழுகிறவை எவை என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு மேலே ஏற்றுங்கள். அந்த எண் நகராமல் நிற்கிற நாளில் வரியை எடுக்கலாம். ஒரு வாரத்தில் முடியாது, ஒரு மாதம் ஆகலாம். ஆகட்டும்.

அந்த மருத்துவமனைத் தம்பி, ப்ராக்ஸி ஆர்ப் போட்ட கையோடு ஒரு ஏ4 தாளை எடுத்து, என்ன போட்டோம், எதற்காக, எந்தத் தேதி, யார் எடுக்க வேண்டும் என்று எழுதி ரேக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார். நான் சொல்லிச் செய்யவில்லை. திங்கள்கிழமை மதியம் சர்வீஸ் இன்ஜினீயர் இரண்டு மாஸ்க்கையும் மாற்றிய பிறகு ப்ராக்ஸி ஆர்ப்பை எடுத்துவிட்டு, அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போன மாதம் வேறு வேலையாக அங்கே போனபோது ரேக்கைத் திறந்து பார்த்தேன். தாளில் பதினோரு வரி இருந்தது. ஒன்பது அடிக்கப்பட்டிருந்தன, இரண்டில் தேதி இன்னும் வரவில்லை.

அன்புடன்,
உங்கள் அக்கா